கட்டுமஸ்தான உடம்புக்கும் பிபி பார்க்கணும், மாஸ்டர்

வடசென்னையின் ஜிம் மாஸ்டர்களுக்கும், குத்துச்சண்டை வாத்தியார்களுக்கும், கால்பந்து, கபடி கோச்சுகளுக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தை மாநகராட்சிக்கோ சுகாதாரத் துறைக்கோ எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதக் காரணம் ஒன்றுதான். நம் பகுதிப் பையன்கள் உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். அம்மா பத்து தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத பையன், "நாளையிலேர்ந்து விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்துடு" என்று நீங்கள் ஒரு தடவை சொன்னால் வந்து நிற்கிறான். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்து என்றால் நிறுத்துகிறான். டாக்டருக்கும் எங்களுக்கும் கிடைக்காத அந்த மரியாதையை நல்ல காரியம் ஒன்றுக்குப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வண்ணாரப்பேட்டையில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, அரசு ஆஸ்பத்திரியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி அவசர சிகிச்சைப் பிரிவிலும் இதய வார்டிலும் போனது. அங்கே வந்து சேரும் சில உடம்புகளைப் பார்த்தால் எங்களுக்கே நம்ப முடியாது. ஆளுக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. தோள் இரண்டும் ஸ்ட்ரெச்சருக்கு வெளியே நிற்கும். ஊசி குத்த நரம்பைத் தேட வேண்டிய வேலையே இல்லை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை புடைத்துத் தெரியும். பிபி பட்டையைச் சுற்றினால் புஜத்தில் ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு வரும். ஆனால் ஈசிஜி தாள் வெளியே வர வர டூட்டி டாக்டரின் முகம் மாறும். கூட வந்தவர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: "அவருக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், டெய்லி ஜிம்முக்குப் போறவரு."

பிபி இருக்கா, சுகர் இருக்கா என்று கேட்போம். இல்லை என்பார்கள். எப்பவாவது பார்த்திருக்கீங்களா என்றால், "அவருக்கு எதுக்கு சிஸ்டர்?" என்று பதில் வரும். அந்த "அவருக்கு எதுக்கு" என்ற நினைப்பு போக வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஒரு உடம்பால் இன்றைக்கு என்ன செய்ய முடிகிறது என்பது வேறு. அந்த உடம்புக்குள் இதயமும் ரத்தக்குழாயும் சிறுநீரகமும் மனசும் எந்த நிலைமையில் இருக்கின்றன என்பது வேறு. போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் நம் பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிவிடுகிறார்கள், கயிறு ஏறுகிறார்கள். அது பெரிய விஷயம், பெருமைப்பட வேண்டியது. ஆனால் அந்த ஓட்டம் அவன் காலுக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பிபி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பதையெல்லாம் சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948இல் நடைமுறைக்கு வந்தது. நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூக வாழ்வு எல்லாமே நன்றாக இருக்க வேண்டும் என்று அதன் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நோய் இல்லாமல் இருப்பதே போதாது என்னும்போது, 100 கிலோ பெஞ்ச் பிரஸ் போடுவது மட்டும் எப்படிப் போதும்?

பிபியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைத்தான் அதிகம் பார்த்தேன். 120க்கு 80 என்பது நல்ல அளவு. பல முறை பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். பிபி ஏறினால் தலை சுற்றும், படபடக்கும், அப்போது தெரிந்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரியாது. 160, 170 வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஸ்குவாட் போடுவார், ஃபுட்பால் ஆடுவார், கல்யாண வீட்டில் அண்டா தூக்குவார். உள்ளே இதயச் சுவர் தடித்துக்கொண்டும், சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டும் இருக்கும்.

எடை தூக்குகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடையைத் தள்ளும் அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் 300ஐத் தாண்டிப் போகிறது. 1985இல் கனடாவில், எடை தூக்கும் வீரர்களின் கை ரத்தக்குழாய்க்குள்ளேயே குழாயை வைத்து அளந்து பார்த்த கணக்கு இது. நல்ல ரத்தக்குழாய் உள்ளவருக்கு எடையைக் கீழே வைத்ததும் இறங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே பிபி ஏறிக்கிடந்து, அது தெரியாமலே இருப்பவருக்கு அதே கதை இல்லை. மூச்சை அடக்காமல், தள்ளும்போது வெளியே விடச் சொல்லி நீங்கள் கற்றுக்கொடுப்பது வெறும் ஸ்டைல் இல்லை. அதை இன்னும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஜிம்மில் ஒரு பிபி மெஷின் வாங்கி வையுங்கள். ஒரு ஜோடி டம்பல் விலைக்குள் முடிந்துவிடும். வாங்கும்போது பெரிய பட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தடித்த புஜத்தில் சாதாரண பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபியைக் காட்டும், பையன் வீணாகப் பயந்துபோவான். பயிற்சி முடித்து வியர்க்க விறுவிறுக்க நிற்கும்போது பார்க்காதீர்கள். வந்ததும் முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பேச விடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முந்தைய அரை மணியில் டீ, சிகரெட் வேண்டாம். ஒரு தடவை அதிகமாக இருந்தால் உடனே முடிவு கட்ட வேண்டாம், வேறு வேறு நாளில் பாருங்கள். தொடர்ந்து அப்படியே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மாத்திரை அங்கே இலவசம்.

அப்புறம் சர்க்கரை. நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். 2004இல் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் ஒன்று மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கும் எடைக்கும் போடும் பிஎம்ஐ கணக்கு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். பார்த்தால் இருவரும் ஒல்லிதான். நம் மக்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளேயும் கல்லீரலைச் சுற்றியும் சேருகிறது, வெளியே தெரிவதில்லை. அதனால்தான் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக் கூடாது என்று நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குச் சொல்கிறார்கள். பைசெப்ஸ் அளக்க உங்களிடம் இருக்கும் அதே டேப்பால் இடுப்பையும் அளக்கலாமே.

2023இல் வெளியான, ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. இந்த நோய்க்கான சிகிச்சை வரலாற்றில் நம் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் நம் ஸ்டான்லியில், பெரியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் அதே இடத்தில், சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அதற்கென்றே ஒரு மருத்துவமனையையும் ஆரம்பித்தார். எங்கிருந்தெல்லாமோ மக்கள் தேடி வரும் இடம் அது. அதற்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற நம் ஆட்கள், காலில் ஆறாத புண் வந்த பிறகுதான் முதல் தடவையாக சர்க்கரை பார்க்கிறார்கள். எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உடற்பயிற்சியே வேண்டாம் என்கிறாளா இந்த அம்மா என்று யாரும் நினைக்க வேண்டாம். கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் மாரடைப்பில் இறந்தபோது, நம் தெருக்களிலும் இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. "அவ்ளோ எக்சர்சைஸ் பண்ணவரே போயிட்டாரு, இனிமே எதுக்கு ஜிம்மு?" என்றார்கள் சிலர். "அது விதி, நமக்கெல்லாம் வராது" என்றார்கள் சிலர். இரண்டுமே தப்பு. உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்பதில் சந்தேகமே கிடையாது. 1953இலேயே லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் போடும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்ததைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் அதையே உறுதி செய்திருக்கின்றன. உடற்பயிற்சி ஆபத்தைக் குறைக்கிறது. முழுசாக நீக்குவதில்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அந்த ரத்தம் நமக்குள்ளும் ஓடுகிறது, புஜம் எவ்வளவு இருந்தாலும். ஆகவே சேர வரும் ஆளிடம் எடையையும் உயரத்தையும் கேட்கும்போதே, வீட்டில் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் நெஞ்சுவலி வந்ததா, திடீரென்று யாராவது இறந்திருக்கிறார்களா என்பதையும் ஒரு வரி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நெஞ்சுவலி என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் நெஞ்சுவலியை "கேஸ்" என்று சொல்லி சோடா குடிப்பார்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் "நேத்து செஸ்ட் அடிச்சேன், மசில் பிடிச்சிருக்கு" என்று சொல்லி ஸ்பிரே அடித்துக்கொள்வார்கள். சதைப்பிடிப்பு என்றால் கையால் அழுத்தினால் வலிக்கும், கையைத் தூக்கினால் வலிக்கும். மாரில் பாரம் வைத்த மாதிரி இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மேல்வயிற்றில் எரிச்சல், இவற்றோடு சில்லென்று வியர்வை, மூச்சு வாங்குதல் என்று வந்தால் ஜிம்மிலேயே படுக்கவைத்து விசிறிக்கொண்டிருக்காதீர்கள். 108க்கு அடியுங்கள். அழுத்தினால் வலிக்கிறதே என்று சும்மாவும் இருந்துவிடாதீர்கள். சந்தேகம் என்றாலே ஈசிஜிதான். 2023 முதல் "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இதயச் சதை செத்துக்கொண்டிருக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்தவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனதையும், "மசில்தான்" என்று மறுநாள் வரைக்கும் பார்த்துவிட்டு வந்தவர்களையும் அடுத்தடுத்த கட்டில்களில் பார்த்தவள் நான்.

கால்பந்து கோச்சுகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் மண் தரையில் ஆடிப் பெரிய கிளப்புகளுக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மார்க்-விவியன் ஃபோவைத் தெரிந்திருக்கும். கேமரூன் வீரர், வயது 28. 2003 ஜூன் 26 அன்று பிரான்ஸில் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே, பக்கத்தில் யாருமே இல்லாதபோது தானாகச் சரிந்து விழுந்து இறந்தார். பிறவியிலேயே இதயச் சதை தடித்திருக்கும் நோய் அவருக்கு இருந்தது. உலகத் தரத்தில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு அது. இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் ஆடும் எல்லாரும் ஈசிஜி உட்பட பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணங்கள் அதற்குப் பின் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. எல்லா நாடுகளும் இதை அப்படியே ஏற்கவில்லை, விவாதம் இருக்கிறது. நம்மால் ஒவ்வொரு பையனுக்கும் ஈசிஜி எடுக்க முடியாமல் போகலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்த பையனை, "காலையில நாஷ்டா துன்னிருக்க மாட்டான்" என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி ஆட அனுப்பாமல் இருக்க முடியும். ஓடும்போது மயக்கம் வருவதும், ஓடி முடித்து நின்றபின் லேசாகத் தலை சுற்றுவதும் ஒன்றில்லை. முன்னது வந்தால் இதய டாக்டர் பார்க்கும் வரை அவன் மைதானத்துக்குள் இறங்கக் கூடாது.

2021 ஜூனில் கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் எரிக்சனும் ஃபோவைப் போலவே சரிந்தார். அவர் பிழைத்தார், மறுபடி ஆடவும் வந்தார். விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்ததால் உயிர் தங்கியது. நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். உங்கள் பையன்களின் கைக்கு இருக்கும் வலுவுக்கு இதை எங்களைவிட நன்றாகச் செய்வார்கள். ஒரு மாலை ஒதுக்கிக் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது ஊசி. மென்மையாக எழுத என்னால் முடியவில்லை.

உங்களில் பெரும்பாலானவர்கள் இதைத் தொட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பழைய தேகப்பயிற்சி நிலையங்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் கற்றுக்கொடுத்த வழியில் வந்தவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் கூரையின் கீழேயே இது நடக்கிறது, உங்களுக்குத் தெரிந்தும் நடக்கிறது. மூன்று மாதத்தில் பாடி ஏற வேண்டும் என்று ஸ்டீராய்டு போடுகிறான். கெட்ட கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொழுப்பு இறங்குகிறது, இதயச் சுவர் தடிக்கிறது, கல்லீரல் அடி வாங்குகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வருகிறதே என்று விதைப்பை தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது, விந்தணு குறைந்து சிலருக்கு முற்றிலும் இல்லாமல் போகிறது. அப்புறம் கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை என்றால் மருமகளைத்தான் கோயில் கோயிலாக ஏற வைக்கிறார்கள், அவளைத்தான் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள், அவளைத்தான் ஜாடை பேசுகிறார்கள். அந்தப் பெண்களின் கண்ணீரை வார்டு வராந்தாவில் பார்த்திருக்கிறேன். இவன் என்ன ஊசி போட்டுக்கொண்டான் என்று அவளிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைவிட மோசமானது மெஃபென்டர்மின். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யும்போது நோயாளிக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் ஏற்றுவதற்காக நாங்கள் தியேட்டரில் வைத்திருந்த மருந்து அது. மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும், மயக்கவியல் டாக்டர் தலைமாட்டில் நிற்பார், அளந்து போடுவோம். அந்த மருந்தைத்தான் நம் பையன்கள் "தம்மு" வரும் என்று நம்பி, ஒர்க்அவுட்டுக்கு முன்னால் கழிப்பறையில் நின்று ஏற்றிக்கொள்கிறார்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும், பிபி எகிறும். பழகிவிட்டால் அது இல்லாமல் டம்பலைத் தொட முடியாது, பிறகு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், எல்லார் மேலும் சந்தேகம் வரும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் கூடவே போகும். வலி மாத்திரையைக் கரைத்துப் போடுவதும் இதே கணக்குதான்.

உங்கள் கூடத்தில் ஊசி விற்கிறவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவனை வெளியே அனுப்புங்கள். வருமானம் கொஞ்சம் குறையும், பையன்கள் சிலர் பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போவார்கள். எனக்கும் புரிகிறது. அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லா மாஸ்டர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு பகுதியில் இருப்பவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் பக்கத்துத் தெருவிலும் அவனுக்கு இடம் கிடைக்காது.

பவுடரைப் பற்றிக் கேட்பீர்கள். நல்ல புரதப் பவுடர் விஷம் ஒன்றும் இல்லை. டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காசிமேடு பக்கத்திலேயே இருக்கும்போது, மத்தியும் காணாங்கத்தையும் நெத்திலியும் முட்டையும் சுண்டலும் தராத எதை அந்த டப்பா தரப்போகிறது? கிரியாட்டின் எடுக்கிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் "கிரியாட்டினின்" (creatinine) என்ற அளவு சற்றுக் கூடத் தெரியும், சிறுநீரகம் போய்விட்டது என்று வீடே அலறும்.

உடம்பை வைத்துப் பிழைக்கிறவர்கள் நம் பகுதியில் எத்தனை பேர்! துறைமுகத்திலும் கூட்ஸ் ஷெட்டிலும் மூட்டை தூக்குகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், ஐஸ் பெட்டி சுமக்கிறவர்கள். "மூட்டை தூக்குறவனுக்கு வியாதி வருமா?" என்று இவர்களைப் பற்றித்தான் எல்லாரும் சொல்வார்கள். கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2021இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்தன. பிழைப்புக்காக நாள் முழுக்கக் கடினமாக உடல் உழைக்கிறவர்களுக்கோ கூடின. இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கிறது. உடற்பயிற்சி ஒரு மணி நேரம், பிறகு ஓய்வு, அதிலேயே உடம்பு தேறுகிறது. சுமை தூக்குகிறவருக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம், நிறுத்த வேண்டும் என்றாலும் நிறுத்த முடியாது, பிபி நாள் முழுக்க ஏறியே நிற்கிறது, ராத்திரி வலிக்கு ஒரு குவார்ட்டர். இப்படிப்பட்ட ஒருவர் பையனைச் சேர்க்க உங்களிடம் வருவார். பையனைச் சேர்த்துக்கொள்வதோடு அப்பாவையும் உட்கார வைத்து ஒரு பிபி பார்த்து அனுப்புங்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக ஐந்து மணிப் பயிற்சிக்கு வரும் இளைஞனைப் பாராட்டாமல் வீட்டுக்குத் தூங்க அனுப்புங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணூர், மணலி, கொடுங்கையூர் என்று நாம் எதற்கு நடுவில் வாழ்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். பிஎம் 2.5 என்ற நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் சொல்கிறது. நம் நாட்டு விதி 40 வரை விடுகிறது. வேகமாக ஓடும்போது, சும்மா இருப்பதைப் போல் பத்து மடங்கு காற்று உள்ளே போகிறது, அதோடு அந்தத் தூசியும். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரம் பையன்களை ஓட விடாதீர்கள். உள்தெரு மைதானம், கடற்கரை ஓரம், எது கிடைத்தாலும் சரி. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் புகை தரையோடு தங்கும், அப்போது நேரத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, மூச்சு முட்டி ஓடிய மக்களில் வலுவான உடம்பு எது, நோஞ்சான் எது என்று அது பார்க்கவில்லை. அந்தக் காற்றைச் சுத்தமாக்குவது அரசின் கடமை, அதற்கான மனுக்களில் உங்கள் பையன்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கும் பிள்ளை நன்றாகத்தான் ஆடுவாள், இரண்டாவது பாதியில் மட்டும் துவண்டுபோவாள். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். கடும் பயிற்சியில் மாதவிடாய் நின்றுபோனால் அது நல்லதுக்கில்லை, அவள் சாப்பிடுவது அவள் செலவழிப்பதற்குப் போதவில்லை என்று பொருள், எலும்பு பலவீனமாகும். உங்களிடம் இதை அவள் சொல்ல மாட்டாள். சொல்லக்கூடிய ஒரு அக்காவை மைதானத்தில் வையுங்கள்.

மனசைப் பற்றியும் இதே போலத்தான். ரிங்கில் அடி வாங்கி அசையாதவன் வீட்டில் யாரோடும் பேசாமல் கிடப்பான், தோற்றுப்போய் வந்த வாரத்தில் பயிற்சிக்கு வராமல் இருப்பான். ஒரு போன் போட்டுக் கேளுங்கள். "ஆம்பளையா இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள், சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஆஸ்பத்திரி என்றாலே நம் மக்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. 2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை, முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றுபோய், காலையும் பிறகு உயிரையும் இழந்தார். அந்த மைதானங்களில் உள்ள ஒவ்வொருவருக்கும் அது சொந்த வீட்டுத் துக்கம். அந்தக் கோபம் நியாயமானது, அது அடங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி கேளுங்கள், சிகிச்சைக்குப் போகும் பையனோடு கூடவே போய் நில்லுங்கள், கட்டுப் போட்ட கால் மரத்துப்போகிறது, நிறம் மாறுகிறது என்றால் சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். ஆனால் அந்தப் பயத்தில் பிபியும் சுகரும்கூடப் பார்க்காமல் இருந்தால், கடைசியில் அதே ஆஸ்பத்திரிக்கு இன்னும் மோசமான நிலைமையில் ஸ்ட்ரெச்சரில்தான் போக வேண்டிவரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிபியும் சுகரும் பார்க்கிறார்கள். அவர்கள் வருவது பகலில். அப்போது ஆண்கள் வேலையில் இருப்பார்கள். வீட்டில் இருந்தாலும், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன், அம்மாவுக்குப் பாரு" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தன்னார்வலர் ஒருநாள் மாலை உங்கள் கூடத்துக்கு வந்தால், ஒரே இடத்தில் தெருவில் பாதி ஆண்களைப் பார்த்துவிடலாம். உங்கள் வார்டு சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். நீங்கள் முதலில் கையை நீட்டுங்கள், மாஸ்டர். உங்கள் புஜத்தில் பட்டை சுற்றுவதைப் பார்த்தால் அவனும் நீட்டுவான். உங்களுக்கும் நாற்பது, ஐம்பது ஆகிறது, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தன்னார்வலர் வருவதற்குத் தாமதமானால் நாங்கள் இருக்கிறோம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலர் சேர்ந்து இதைச் செய்யத் தயாராக இருக்கிறோம், காசு எதுவும் வேண்டாம். பெரிய பட்டையும் சர்க்கரை பார்க்கும் கருவியும் நாங்களே கொண்டுவருவோம். ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சி தொடங்குவதற்கு அரை மணி முன்னால், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு வையுங்கள். சுகர் பார்க்க வேண்டியவர்கள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள், முடிந்ததும் சாப்பிட வாழைப்பழம் வாங்கி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பகுதியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற செவிலியர்,
பழைய வண்ணாரப்பேட்டை.